லோகோ போட்டியும் ரெண்டு நாள் ஐரோப்பாவும்

"எராஸ்மஸ்" என்றதும் நம்ம காலேஜ் பசங்களுக்கு ஞாபகம் வருவது ஸ்காலர்ஷிப்தான். 2004-இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டுஸ் என்கிற முதுகலை உதவித்தொகை அது. வருஷா வருஷம் இந்தியாவிலிருந்து நிறையப் பேர் வாங்குகிறார்கள். சீனியர் யாருக்காவது கிடைத்துவிட்டால் ஃப்ளெக்ஸ் வைக்காத குறைதான் :-)

இந்தப் பதிவு அதைப் பற்றியதில்லை. அதே குடும்பத்தில் ஒரு தம்பி இருக்கிறான். நம்ம ஊரில் அவனை யாருக்கும் தெரியாது. ஐரோப்பாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பி, சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வைக்கிற திட்டம். 1995 வாக்கில் ஆரம்பித்தபோது அதற்குப் பெயர் கொமேனியஸ். 2014-இல் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் தள்ளி "எராஸ்மஸ் பிளஸ்" என்று போர்டு மாட்டிவிட்டார்கள்.

எப்படி நடக்கும்? போலந்தில் ஒரு பள்ளி, போர்ச்சுகலில் ஒரு பள்ளி, துருக்கியில் ஒரு பள்ளி கூட்டுச் சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைப்பு எடுப்பார்கள்: தண்ணீர், ரொட்டி, குடியேற்றம், உள்ளூர் ஆறு, இப்படி ஏதாவது. ஒன்றிரண்டு வருஷம் ஓடும். நடுநடுவே இவர்கள் அங்கே போவார்கள், அவர்கள் இங்கே வருவார்கள். பெரும்பாலும் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்குவார்கள். கடைசியில் ஒரு போஸ்டர், ஒரு வீடியோ, ஒரு வலைத்தளம், ஒரு கண்காட்சி. ஆரம்பத்தில் திட்டத்துக்கு லோகோ வரைகிற போட்டி வைப்பதும் கிட்டத்தட்ட சடங்காகிவிட்டது. நம்ம கல்யாணத்தில் பந்தக்கால் நடுவது மாதிரி.

இதை ரெண்டு கோஷ்டி ரெண்டு விதமாகப் பார்க்கிறது.

முதல் கோஷ்டி: "வரிப்பணத்தில் பிக்னிக். நாலு ஃபோட்டோ, ஒரு டான்ஸ், ஒரு மரம் நடுவிழா. இதுக்கு எதுக்குக் காசு?"

இரண்டாவது கோஷ்டி அதிகாரிகள்: "பிக்னிக்கா? இதோ பாருங்கள் போஸ்டர். இதோ வலைத்தளம். இதோ டிஜிட்டல் கையேடு. இத்தனை நாடு, இத்தனை பிள்ளைகள், இத்தனை வெளியீடு."

ரெண்டு பேரும் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் ரெண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே கணக்கு நோட்டு. "காசு கொடுத்தோம், பொருள் என்ன வந்தது?" என்பதுதான் ரெண்டு பேரின் கேள்வியும். ஒருத்தர் பொருள் வரவில்லை என்கிறார், இன்னொருத்தர் வந்தது என்கிறார். அந்த நோட்டே தப்பு என்பதுதான் என் கட்சி.

முதலில் காசு எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். 2021 முதல் 2027 வரை எராஸ்மஸ் பிளஸ்ஸுக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 2,620 கோடி யூரோ. பெரிய தொகை மாதிரி தெரிகிறதா? ஏழு வருஷத்துக்கு வகுத்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் 45 கோடி மக்களுக்கும் வகுத்தால், தலைக்கு வருஷத்துக்கு 8 யூரோ சொச்சம். அதிலும் பெரும் பங்கு பல்கலைக்கழகங்களுக்கும் தொழிற்கல்விக்கும் போய்விடும். பள்ளிகளுக்கு வருவது மிச்சத்தில் ஒரு பங்கு. ஊரையே வித்துத் தின்கிற செலவு இல்லை. ஆக, முதல் கோஷ்டியின் கோபத்துக்குக் காரணம் தொகை இல்லை. "என்ன கிடைத்தது" என்பது கண்ணுக்குத் தெரியாததுதான்.

இங்கே காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சட்டென்று பிடிபடும். கணக்குப் பதிவியலில் "நற்பெயர்" என்று ஒரு சொத்து உண்டு. கடையை ஒருவர் விலைக்கு வாங்கும்போது, மேசை நாற்காலி சரக்கு எல்லாவற்றின் மதிப்புக்கும் மேலே கொடுக்கிற தொகை அது. அப்படிக் காசு கொடுத்து வாங்கினால்தான் ஏட்டில் எழுதலாம். நாமே வருஷக்கணக்கில் உழைத்துச் சம்பாதித்த நற்பெயரை ஏட்டில் காட்டக் கூடாது. அளக்க நம்பகமான வழி இல்லை என்பதுதான் காரணம். விதி சரிதான். ஆனால் ஏட்டில் இல்லை என்பதற்காக அந்தக் கடைக்கு நற்பெயரே இல்லை என்று எந்த முதலாளியாவது சொல்வாரா?

பள்ளிப் பரிமாற்றம் உற்பத்தி செய்வது அந்தச் சரக்குதான். நாடுகளுக்கு நடுவே, தானாகச் சம்பாதிக்கிற நற்பெயர். அதை ஏட்டில் எழுத முடியாததால், எழுதக் கூடிய போஸ்டரை எழுதுகிறார்கள். போகப் போகப் போஸ்டர்தான் சரக்கு என்று அவர்களே நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

கொஞ்சம் பின்னால் போவோம். இந்த யோசனையின் வேர் பிரஸ்ஸல்ஸ் ஆபீஸில் இல்லை. 1870-இல் ஒரு போர், 1914-இல் ஒன்று, 1939-இல் ஒன்று என்று எழுபது வருஷத்துக்குள் மூன்று தடவை மோதிக்கொண்ட நாடுகள் பிரான்சும் ஜெர்மனியும். பிரெஞ்சு அதிபர் சார்ல் தெ கோல், முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். அவர் 1962 செப்டம்பரில் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகருக்குப் போய், அங்கே கூடிய இளைஞர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசினார். 1963 ஜனவரியில் அவரும் ஜெர்மன் தலைவர் அடெனவரும் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதே வருஷம் பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் பிறந்தது. போர் முடிந்து பதினெட்டே வருஷம் ஆகியிருந்தது. அப்பாவைச் சுட்டவன் நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பு என்கிறார்கள். அனுப்பினார்கள். இன்றுவரை 90 லட்சம் பேருக்கு மேல் போய் வந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு எந்த அப்பா "போஸ்டர் என்ன கொண்டு வந்தே?" என்று கேட்டிருப்பார்? பிள்ளை அங்கே சாப்பிட்டு, தூங்கி, முழுசாகத் திரும்பி வந்ததே விளைவு. எதிரி வீட்டிலும் காலையில் அம்மா கத்துவாள், தாத்தா குறட்டை விடுவார் என்று தெரிந்துகொண்டதே விளைவு.

"அப்போ உருப்படியா எதுவுமே வரக் கூடாதா?" என்று கேட்பீர்கள். வரும், ஆனால் ஆர்டர் போட்டால் வராது. 2003 ஜனவரியில், எலிசே ஒப்பந்தத்தின் நாற்பதாவது ஆண்டுக்காக பெர்லினில் ஓர் இளைஞர் நாடாளுமன்றம் கூடியது. ரெண்டு நாட்டுப் பள்ளி மாணவர்களும் கலந்துகொண்டார்கள். அவர்கள் வைத்த ஒரு கோரிக்கை: ரெண்டு நாட்டுக்கும் ஒரே வரலாற்றுப் பாடப்புத்தகம் வேண்டும். பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. 2006-இல் முதல் பாகம் வந்தது, 2008-இல் இரண்டாவது, 2011-இல் மூன்றாவது. பாரிஸில் ஒரு பதிப்பகம், ஜெர்மனியில் ஒரு பதிப்பகம், உள்ளே ஒரே பாடம், ரெண்டு மொழி. எல்லாப் பள்ளிகளிலும் அது பரவிவிடவில்லை என்பது உண்மை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஒரே போரை ரெண்டு விதமாகப் படித்த நாடுகள் ஒரே புத்தகம் எழுதின. எந்த விண்ணப்பப் படிவத்திலும் "எதிர்பார்க்கும் விளைவு" என்ற கட்டத்தில் யாராவது இதை எழுதியிருப்பார்களா? நாற்பது வருஷம் போய்வந்து பழகியதன் வட்டி அது.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம்.

கொமேனியஸ் காலத்தில், 2007-2013 கட்டத்தில், ரெண்டு பள்ளிகள் மட்டும் சேர்ந்து செய்கிற பரிமாற்றத்துக்கு ஒரு விதி இருந்தது. வகுப்பாகப் போனால் குறைந்தது 10 நாள் தங்க வேண்டும். 2014-க்குப் பிறகு, மாணவர் குழுவின் குறுகிய காலப் பரிமாற்றத்துக்குக் குறைந்தபட்சம் 3 நாள் ஆனது. 2021-இல் வந்த புதிய விதிகளில் குழுப் பயணம் 2 நாள் முதல் 30 நாள் வரை.

பத்து, மூன்று, இரண்டு. கிரிக்கெட்டில் விக்கெட் விழுகிற மாதிரி விழுந்திருக்கிறது.

"அது குறைந்தபட்சம்தானே, 30 நாள் வரைக்கும் போகலாமே" என்று சொல்லலாம். போகலாம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பாடம் முடிக்க வேண்டும், பரீட்சை இருக்கிறது, ஆசிரியருக்கு லீவ் வேண்டும், பெற்றோர் பயப்படுவார்கள். இத்தனை கைகள் கீழே இழுக்கும்போது, விதிதான் ஹெட்மாஸ்டருக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். "பத்து நாள் இல்லாவிட்டால் பணம் வராது சார்" என்று ஓர் ஆசிரியர் சொல்வதற்கு முன்பு ஒரு பிடி இருந்தது. இப்போது அந்தப் பிடியைக் கழற்றிவிட்டார்கள்.

ரெண்டு நாளில் என்ன நடக்கும்? முதல் நாள் வரவேற்பு, இரண்டாம் நாள் வழியனுப்பு. ரெண்டு நாளைக்கு யாரும் நல்ல பிள்ளையாக நடிக்கலாம். நாலாம் நாள்தான் அலுப்புத் தட்டும். ஐந்தாம் நாள் சாப்பாடு பிடிக்காது. ஆறாம் நாள் புராஜெக்டில் யார் எவ்வளவு வேலை செய்தது என்று சண்டை வரும். ஏழாம் நாள் யாருக்கும் தாய்மொழியாக இல்லாத ஓர் ஓட்டை இங்கிலீஷில் சமாதானம் பேச வேண்டிவரும். அந்தச் சமாதானம்தான் ஐயா சரக்கு! அதற்கு முன்னாலேயே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டால் மிஞ்சுவது குரூப் ஃபோட்டோ. முதல் கோஷ்டி சொன்ன பிக்னிக்கை இரண்டாவது கோஷ்டியே விதி போட்டு உருவாக்குகிறது.

நீளமாகச் செய்ய முடியாது என்று யாரும் கதைவிட வேண்டாம். அதே பிரெஞ்சு-ஜெர்மன் அலுவலகம் 2000-இலிருந்து வோல்தேர் திட்டம் என்று ஒன்று நடத்துகிறது. ஜெர்மன் பிள்ளை ஆறு மாதம் பிரெஞ்சுக் குடும்பத்தில், பிரெஞ்சுப் பிள்ளை ஆறு மாதம் ஜெர்மன் குடும்பத்தில். அங்கேயே பள்ளிக்கூடம். உலகம் இடிந்து விழுந்துவிடவில்லை.

பணம் கொடுக்கிற முறையையும் பாருங்கள். 2021-இல் "சிறு கூட்டுத்திட்டம்" என்று ஒரு வகை கொண்டுவந்தார்கள். மொத்தமாக 30,000 யூரோ அல்லது 60,000 யூரோ. ரசீது கேட்க மாட்டார்கள். நல்ல விஷயம், பில் ஒட்டியே ஆசிரியர்கள் பாதி உயிர் போயிருப்பார்கள். ஆனால் ரசீதுக்குப் பதிலாகக் கேட்பது "சொன்ன செயல்களைச் செய்தீர்களா, விளைவு தரமாக இருக்கிறதா" என்று. தரம் போதாவிட்டால் தொகையைக் குறைப்பார்கள். இப்போது ஒரு ஒருங்கிணைப்பாளர் இடத்தில் நின்று யோசியுங்கள். பிள்ளைகள் இன்னும் நாலு நாள் சும்மா ஒன்றாக இருக்கட்டும் என்று விடுவீர்களா, வலைத்தளத்தை முடித்துக் கொடுங்கள் என்று விரட்டுவீர்களா? நானாக இருந்தாலும் விரட்டத்தான் செய்வேன்.

கணக்கைத் தப்பாகப் பார்த்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு பிரிட்டன் ஒரு பாடம். 2020 ஜனவரியில் எராஸ்மஸுக்கு ஆபத்து இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார் போரிஸ் ஜான்சன். அதே வருஷம் டிசம்பரில் கை கழுவினார். காரணம், செலவு அதிகம். நம்ம பிள்ளைகள் வெளியே போவதைவிட வெளிப் பிள்ளைகள் இங்கே வருவது அதிகம். ஆகவே நமக்கு நஷ்டம். பதிலுக்கு 2021-இல் டியூரிங் திட்டம் வந்தது. உலகம் முழுக்கப் போகலாம், ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம். இதெல்லாம் நன்று. ஆனால் வெளியே போகிறவர்களுக்கு மட்டும்தான் காசு. உள்ளே வருகிறவர்களுக்குக் கிடையாது. விருந்துக்கு நான் வருவேன், நீ என் வீட்டுக்கு வராதே என்பது என்ன உறவு? வேல்ஸ் மட்டும் சொரணையோடு 2022-இல் தைத் என்று தனித் திட்டம் போட்டு, வருகிறவர்களுக்கும் காசு கொடுத்தது.

அதோடு விடவில்லை. 2021 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய அடையாள அட்டையைக் காட்டி பிரிட்டனுக்குள் நுழைய முடியாது, பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். பிரெஞ்சுப் பள்ளிகள் வருவது மளமளவென்று குறைந்தது. ஒரு வகுப்பில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் இல்லை, இரண்டு பேர் வேறு நாட்டுக் குடிமக்கள், அவர்களுக்கு விசா வேண்டும் என்றால் எந்த ஆசிரியர் அந்தத் தலைவலியை இழுத்துப்போட்டுக்கொள்வார்? 2023 மார்ச்சில் இரு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து பேசி, அந்த வருஷக் கடைசியில் பிரெஞ்சுப் பள்ளிக் குழுக்களுக்கு விதியைத் தளர்த்தினார்கள். 2025 டிசம்பரில், 2027-இலிருந்து எராஸ்மஸ் பிளஸ்ஸில் திரும்பச் சேர்வதற்கே பிரிட்டன் ஒப்புக்கொண்டது. நஷ்டக் கணக்கு என்று கிழித்துப் போட்ட பக்கத்தைத் திரும்ப ஒட்டுகிறார்கள். இடையில் பதினைந்து வயதாக இருந்து வளர்ந்துவிட்டவர்களுக்கு அந்த வருஷங்கள் போனது போனதுதான்.

கணக்கில் வராத இன்னொரு பத்தி இருக்கிறது: வராதவர்கள்.

துருக்கி 2004-இலிருந்து இந்தத் திட்டங்களில் முழுப் பங்காளி. மேலே சொன்ன போலந்து-போர்ச்சுகல்-துருக்கி புராஜெக்டையே எடுத்துக்கொள்ளுங்கள். போலந்துப் பிள்ளை லிஸ்பனுக்குப் போக அடையாள அட்டை போதும். சாதாரணப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் துருக்கிப் பிள்ளைக்கு ஷெங்கன் விசா வேண்டும். அப்பாயின்ட்மென்ட், கட்டணம், பெற்றோர் சம்மதக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம். விசா வரிசை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே புராஜெக்ட், ஒரே லோகோ, ரெண்டு வாசல். பணத்தைக் கொடுக்கிற ஒன்றியமே கதவிலும் நிற்கிறது. ஒரு கையால் அழைத்து இன்னொரு கையால் நிறுத்துகிறது.

அடுத்தது வீடு. வீட்டுக்கு வீடு தங்குவதுதான் இந்தப் பரிமாற்றத்தின் உயிர் என்று மேலே சொன்னேன். அதிலேயே ஒரு முள் இருக்கிறது. நீ அவன் வீட்டில் தங்கினால் அவன் உன் வீட்டில் தங்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் நாலு பேர் இருக்கும் பிள்ளை என்ன செய்யும்? பெயரே கொடுக்காது. யாரும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவே ஒதுங்கிக்கொண்டது. அறிக்கையில் அது எங்கே பதிவாகும்? "எல்லோருக்கும் வாய்ப்பு" என்பது இந்தத் திட்டத்தின் அறிவிக்கப்பட்ட முன்னுரிமை. வசதி குறைந்தவர்களுக்குக் கூடுதல் உதவித்தொகையும் விதியில் இருக்கிறது. ஆனால் பெயர் கொடுத்த பிறகுதானே உதவி? வெட்கப்பட்டுப் பெயரே கொடுக்காதவனுக்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பீர்கள்?

"இத்தனை சிக்கல் எதுக்கு, ஆன்லைனில் செய்யலாமே" என்று ஒரு குரல் கேட்கிறது. ஈட்வின்னிங் என்று 2005-இலிருந்தே அதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. பயணத்துக்கு முன்னால் பழகவும், பின்னால் தொடரவும் அதைவிட மலிவான வழி கிடையாது. விமானப் புகையும் மிச்சம். ஆனால் அது முன்னுக்கும் பின்னுக்கும்தான், நடுவுக்கு இல்லை. 2020-இல் உலகமே கேமரா முன்னால் உட்கார்ந்து பார்த்தது. பிடிக்காதவன் பேசினால் மைக்கை அணைக்கலாம், நெட் போச்சு என்று சொல்லி எழுந்து போகலாம். ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவனை எப்படி அணைப்பது? அணைக்க முடியாததுதான் பாடமே.

குறை சொல்லிவிட்டுப் போனால் எப்படி? நான் கேட்பது நாலே நாலு.

ஒன்று, குழுப் பரிமாற்றத்துக்குக் குறைந்தபட்சம் பத்து நாள் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பயணங்களின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை. ரெண்டு நாள் பயணம் ஐந்தைவிட, பத்து நாள் பயணம் ஒன்று மேல்.

இரண்டு, விருந்தினரை வைத்துக்கொள்ள முடியாத வீட்டுப் பிள்ளையும் போகலாம் என்று விண்ணப்பத்திலேயே பெரிதாக எழுதுங்கள். பதிலுக்கு வருகிறவரை வேறு குடும்பமோ விடுதியோ வைத்துக்கொள்ளட்டும், செலவு திட்டத்துடையது. இதை உதவி என்று சொல்லாதீர்கள். விதி என்று சொல்லுங்கள். உதவி கேட்கத்தான் கூச்சம் வரும்.

மூன்று, திட்டத்தில் சேர்த்துக்கொண்ட நாட்டின் பள்ளிக் குழுவுக்கு விசாவைத் தள்ளுபடி செய்யுங்கள். பிரிட்டனும் பிரான்சும் ஒரு கையெழுத்தில் செய்த காரியம்தான்.

நான்கு, இறுதி அறிக்கையிலிருந்து போஸ்டரைத் தூக்குங்கள். ஒரு வருஷம் கழித்துப் பிள்ளைகளிடம் ரெண்டே கேள்வி கேளுங்கள்: "அங்கே யாரோடாவது சண்டை போட்டாயா? இப்போது பேசிக்கொள்கிறீர்களா?" ரெண்டுக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தால் காசு வீண் போகவில்லை.

இந்தத் திட்டத்துக்கு முதலில் பெயர் கொடுத்த கொமேனியஸ், 1592-இல் மொராவியாவில் பிறந்த ஆசிரியர். மதப் பிரச்சினையில் நாட்டை விட்டுத் துரத்தப்பட்டு, போலந்து, இங்கிலாந்து, ஸ்வீடன், ஹங்கேரி, நெதர்லாந்து என்று அலைந்து, ஊர் திரும்பாமலே 1670-இல் இறந்தவர். போன இடமெல்லாம் அடுத்தவர் தயவில் தங்கி, அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்லலாம் என்று யோசித்தவர். அவர் பெயரை வைத்தபோது இதையெல்லாம் தெரிந்துதான் வைத்திருப்பார்கள். ரெண்டு நாள் போதும் என்று விதி எழுதியபோதுதான் மறந்துவிட்டார்கள்.

டிஸ்கி: "பி.காம் படிக்கிற உனக்கு ஐரோப்பாக்காரன் எப்படிப் போனா என்ன" என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: எவன் வீட்டுக் கணக்காக இருந்தாலும், சொத்தைச் செலவில் எழுதியிருந்தால் கை அரிக்கத்தான் செய்யும். என்ன செய்ய, படிப்பு அப்படி :-)